மூன்று சிவாஜிகளின் பேட்டை

பெங்களூர் சிவாஜிநகரில் ‘சிவாஜி’ என்று யாராவது சொன்னால், எந்த சிவாஜி என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். பேட்டைக்குப் பெயர் தந்தவர் மராட்டிய மன்னர். வீட்டுப் பெரியவர்கள் குறிப்பிடுவது கணேசனை. அவருக்கும் அந்தப் பெயர் மன்னர் வழியாகத்தான் வந்தது. அண்ணாதுரை எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் அவர் நடிப்பைப் பார்த்த பெரியார் வைத்த பெயர் அது. மூன்றாமவர் உள்ளூர்க்காரர். 1950 டிசம்பர் 12-ல் இதே பெங்களூரில் பிறந்த சிவாஜி ராவ் கெய்க்வாட், பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்து, 1975-ல் ‘அபூர்வ ராக’ங்களில் கேட்டைத் திறந்துகொண்டு ரஜினிகாந்தாக உள்ளே வந்தவர். 1999-ல் ‘படையப்பா’வில் கணேசன் அப்பா, ரஜினி மகன். சிவாஜிநகர் தமிழர்களுக்கு அது வெறும் படமல்ல. வீட்டில் பல காலமாக நடந்துவந்த ஒரு சண்டைக்குக் கிடைத்த சமரசம்.

சண்டை என்றால் வேறொன்றுமில்லை. எந்தப் படம் நல்ல படம் என்பதுதான். அப்பாவுக்கு ‘கர்ணன்’, அம்மாவுக்கு ‘கல்யாணப் பரிசு’, மாமாவுக்கு எம்.ஜி.ஆர். நடித்த எதுவானாலும் சரி. பிள்ளைகளுக்கு ரஜினி. பாட்டிக்கு மட்டும் மாறாத ஒரே பதில், ‘பாசமலர்’. கல்யாணம், காதுகுத்து என்று நாலு குடும்பம் ஒன்றுகூடினால், சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வருவதற்குள் பேச்சு படத்துக்குத் திரும்பிவிடும். கவனித்துக் கேட்டால் ஒன்று புரியும். அவர்கள் பேசுவது படத்தைப் பற்றி மட்டுமல்ல.

இந்தப் பேட்டைக்குப் பழைய பெயர் பிளாக்பள்ளி. 1809-ல் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு இறக்கினார்கள். அந்தக் கன்டோன்மென்டின் பின்னாலேயே சிப்பாய்களாக, சமையல்காரர்களாக, கூலிகளாக, வியாபாரிகளாக ஆற்காட்டுப் பக்கத்திலிருந்தும் மற்ற தமிழ்ச் சீமைகளிலிருந்தும் ஜனங்கள் வந்து குடியேறினார்கள். கன்டோன்மென்டும் பழைய நகரமும் ஒரே மாநகராட்சியாக இணைந்தது 1949-ல். மேரி மாதா பேராலயத்தின் செப்டம்பர் திருவிழாவும் ரஸல் மார்க்கெட்டும் பல மதத்தவரையும் பல மொழிக்காரர்களையும் ஒரே தெருவில் உரச வைத்தன. சினிமாவும் அந்த வேலையைத்தான் செய்தது.

அதற்கு ஒரு கூடம் இருந்தது. எல்ஜின் டாக்கீஸ். 1896-ல் கட்டப்பட்டது, அன்றைய வைஸ்ராய் எல்ஜின் பிரபுவின் பெயர் தாங்கியது. சினிமா இந்தியாவுக்கு வந்த வருடமும் அதுதான். அந்த ஜூலையில் பம்பாய் வாட்ஸன் ஹோட்டலில் லூமியேர் சகோதரர்களின் படங்கள் முதன்முதலாகத் திரையிடப்பட்டன. ஊமைப் படம், பேசும் படம், கறுப்பு வெள்ளை, வண்ணம் என்று எல்லாக் காலத்தையும் பார்த்த எல்ஜின் இன்று இல்லை. மெஜஸ்டிக் பகுதியில் 1968-ல் திறந்த பிரம்மாண்டமான கபாலி தியேட்டர் 2017-ல் மூடியது. பிரிகேட் ரோடு ரெக்ஸ் 2018 கடைசியில் மூடியது. கூடம் போன பிறகும் பேச்சு மட்டும் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை? பதில் ‘பாசமலரி’ல் இருக்கிறது.

1961 மே மாதம் வெளியான அந்தப் படத்தில் ராஜசேகரனும் ராதாவும் அப்பா அம்மா இல்லாத அண்ணன் தங்கை. தங்கை காதலிப்பது, அண்ணனோடு தொழிற்சாலையில் மோதிய ஆனந்தனை. கல்யாணமாகிறது. அப்புறம் வீட்டுக்குள் ஒரு கலகக்கார அத்தை. பிரிவு, கண்ணீர், கடைசியில் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி சாவு. இன்று கல்லூரிக்குப் போகும் பேத்தி முதல் அரை மணியிலேயே கேட்டுவிடுவாள்: “ராதா ஏன் வாயைத் திறக்கவே மாட்டேங்கறா? அண்ணனும் புருஷனும் முடிவு பண்றாங்க, இவ அழறா. இதுக்கா நீங்க மூக்கைச் சிந்தினீங்க?”

நியாயமான கேள்வி. அழுகை அளவுக்கு மிஞ்சிய படம்தான் அது. சாவித்திரியும் கணேசனும் இல்லாவிட்டால் தாங்கியிருக்காது. அறுபதுகளின் குடும்பப் படங்கள் பலவற்றுக்கும் இந்தக் குறை உண்டு. குடும்பம் உடையாமலிருக்க யாராவது ஒருவர் உடைய வேண்டும், பெரும்பாலும் அது பெண். ‘பதிபக்தி’ (1958), ‘பாகப்பிரிவினை’ (1959), ‘படிக்காத மேதை’ (1960), ‘பாவமன்னிப்பு’, ‘பாலும் பழமும்’ (இரண்டும் 1961) என்று ‘ப’ வரிசையில் அடுக்கிய இயக்குநர் ஏ. பீம்சிங் குடும்பத்தின் எல்லாச் சிக்கலையும் தொட்டார். சிக்கலை அவிழ்க்கும் பொறுப்பை மட்டும் கடைசியில் பாசத்தின் தலையிலேயே கட்டினார்.

ஆனால் பாட்டியின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆற்காட்டிலிருந்தோ வேலூரிலிருந்தோ வாழ்க்கைப்பட்டுப் பெங்களூர் வந்த பெண்ணுக்கு அறுபதுகளில் அண்ணன் என்பவர் வருடத்துக்கு ஒரு முறை சீரோடு ரயிலிறங்கும் விருந்தாளி. வீட்டில் டெலிபோன் கிடையாது. கடிதம் எழுதவும் பலருக்குத் தெரியாது. மாமியார் முன்னால் அழ முடியாது, புருஷனிடம் சொல்ல முடியாது. மேட்னி ஷோவின் இருட்டில், நூறு பெண்களோடு சேர்ந்து, யாரும் காரணம் கேட்காமல் அழலாம். திரையில் ராதா அழுதது ராஜசேகரனுக்காக. கீழே பெஞ்சில் இருந்தவள் அழுதது தன் அண்ணனுக்காக. பேத்தி பார்ப்பது படத்தை. பாட்டி நினைப்பது, படம் பார்த்த அந்த மத்தியானத்தை. இரண்டும் வெவ்வேறு படங்கள்.

குடும்பப் படமும் காலத்தோடு மாறத்தான் செய்தது. 1986-ல் ஏவி.எம். தயாரித்து விசு இயக்கிய ‘சம்சாரம் அது மின்சாரம்’ வந்தது. பணக் கணக்கில் அப்பாவுக்கும் மூத்த மகனுக்கும் முட்டிக்கொள்ள, அம்மையப்ப முதலியார் வீட்டின் நடுவே கோடு கிழிக்கிறார். பழைய படமாக இருந்தால் கடைசி ரீலில் கோடு அழிந்து எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். விசு அப்படி முடிக்கவில்லை. லட்சுமி நடித்த மூத்த மருமகள் உமா, பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைத்துவிட்டு, இனி தனித்தனியாகவே இருப்போம், அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்வோம், அதில்தான் பிரியம் மிஞ்சும் என்கிறாள். ஜனரஞ்சகமான சிறந்த படத்துக்கான தேசிய விருதான தங்கத் தாமரையை முதலில் வாங்கிய தமிழ்ப் படம் அது. ராதாவால் பேச முடியாததை இருபத்தைந்து வருடம் கழித்து உமா பேசினாள். பாட்டிக்கு அந்த முடிவு பிடிக்காமல் இருக்கலாம். மருமகள்களுக்குப் பிடித்தது.

சிவாஜிநகரின் சினிமா ஞாபகத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அது தமிழை மட்டும் சேர்ந்ததல்ல. மற்ற மொழிப் படங்களைக் கன்னடத்தில் டப் செய்து வெளியிடக் கூடாது என்று அறுபதுகளில் கர்நாடகத்தில் கிளர்ச்சி நடந்தது. சட்டம் எதுவும் போடப்படவில்லை. ஆனாலும் பல பத்தாண்டுகளுக்கு அந்தத் தடை நடைமுறையில் இருந்தது. போட்டி ஆணையம் அதற்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது 2015-ல்தான். தடையின் விளைவு வேடிக்கையானது. தமிழ்ப் படம் பெங்களூரில் தமிழிலேயே ஓடியது. பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பமும் உருது பேசும் குடும்பமும் அதைத் தமிழிலேயே பார்த்தன. இங்கே பலரும் தமிழ் பழகியதற்குப் பள்ளிக்கூடம் காரணமல்ல.

தமிழ்ப் பிள்ளைகள் கதையும் அதேதான். பள்ளியில் கன்னடம், ஆங்கிலம். தமிழ் காது வழியே மட்டும் வந்தது. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959) வசனத்தை மூச்சு விடாமல் ஒப்பிக்கத் தெரிந்தும், அதே வசனத்தை அச்சில் காட்டினால் எழுத்துக்கூட்டத் திணறுகிறவர்கள் இங்கே உண்டு. கணேசனுக்கு 1960-ல் கெய்ரோ ஆப்பிரிக்க-ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கித் தந்த படம் அது. இயக்கியவர் பி.ஆர். பந்துலு, கோலார் மாவட்டத்துக்காரர். அவரே 1961-ல் ‘கித்தூர் சென்னம்மா’வைக் கன்னடத்தில் எடுத்தார். வெள்ளையரை எதிர்த்த தமிழ் பாளையக்காரரையும் கன்னட ராணியையும் ஒரே மனிதர் படமாக்கினார்.

அந்த சென்னம்மா பி. சரோஜாதேவி. பெங்களூரில் பிறந்து, 1955-ல் ‘மகாகவி காளிதாஸா’ என்ற கன்னடப் படத்தில் தொடங்கி, ‘நாடோடி மன்னன்’, ‘கல்யாணப் பரிசு’, ‘பாகப்பிரிவினை’, ‘பாலும் பழமும்’, ‘அன்பே வா’ என்று தமிழ் வீடுகளுக்குள் குடிபுகுந்தவர். கொஞ்சிக் கொஞ்சி அவர் பேசிய தமிழைச் சென்னைக்காரர்கள் ரசித்து ‘கன்னடத்துப் பைங்கிளி’ என்று பெயர் வைத்தார்கள். சிவாஜிநகர்க்காரர்களுக்கு அதில் ஒரு தனி சந்தோஷம். தங்கள் தமிழில் கன்னட வாடை அடிக்கிறது என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் கேலி கேட்டவர்கள் அவர்கள். அந்த வாடைக்குத் தமிழ்நாடே மயங்கியதென்றால் சும்மாவா? 2025 ஜூலை 14-ல் சரோஜாதேவி தமது 87-வது வயதில் பெங்களூரில் காலமானபோது, இரண்டு மாநிலங்களும் அவரைத் தங்கள் வீட்டுப் பெண் என்றன. இரண்டுமே சொன்னது உண்மை.

எப்போதும் இப்படி இருந்துவிடவில்லை. 1991 டிசம்பரில் காவிரித் தகராறில் பெங்களூரில் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. அல்சூர் ஏரிக்கரையில் நிறுத்திய திருவள்ளுவர் சிலை 18 வருடம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ல்தான் திறந்தது. 2000 ஜூலை 30-ல் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திப்போய் 108 நாள் காட்டில் வைத்திருந்தபோது, பெங்களூரில் தமிழ்ப் படங்கள் நின்றன, கேபிளில் தமிழ் சேனல்கள் இருண்டன. கடத்தப்பட்டவர் தமிழக எல்லைக்குள் இருக்கும் காஜனூரில் பிறந்தவர் என்பதை அந்த நாட்களில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட நேரங்களில் ஒரு குடும்பம் கதவைச் சாத்தி, ஒலியைக் குறைத்து, பழைய வீடியோ கேசட்டில் ‘திருவிளையாடல்’ பார்ப்பதென்றால், அது பொழுதுபோக்கு என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

கலவரம் அடங்கிவிடும், அடங்கவும் செய்தது. படங்களுக்கு அதைவிடப் பெரிய எதிரி கவனக்குறைவு. 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’. இன்று அதன் பிரதி எங்கும் இல்லை. அந்தக் கால நைட்ரேட் பிலிம் சுலபமாகத் தீப்பிடிக்கும். பின்னால் வந்த அசிடேட் பிலிம், வெப்பத்திலும் ஈரத்திலும் காடி வாடை வீசிச் சுருங்கும். வண்ணப் படமென்றால் சாயம் வெளுக்கும். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது 1964-ல். அதற்கு முன் எடுத்தவற்றில் தப்பியது தப்பியது, போனது போனதுதான்.

அதே 1964-ன் பொங்கலுக்கு வந்த பந்துலுவின் ‘கர்ணன்’ மட்டும் ஒரு நல்ல செய்தி. சேதமடைந்த பிரதியை எடுத்து, படத்தையும் ஒலியையும் டிஜிட்டல் முறையில் சீராக்கி, 2012 மார்ச் 16-ல் மறுபடி வெளியிட்டார்கள். நூறு நாளைத் தாண்டி ஓடியது. 2014 மார்ச்சில் அவருடைய ‘ஆயிரத்தில் ஒருவ’னும் அதே வழியில் வந்தது. பழைய படத்துக்கு ஆள் வராது என்று சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள். தாத்தா பாட்டியைக் கைபிடித்துப் படியேற்றிக்கொண்டு பேரப்பிள்ளைகள் தியேட்டருக்கு வந்தார்கள்.

பிலிமைச் சீராக்கக் கூடம் இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது. அந்த மத்தியானத்தைச் சீராக்க எந்தக் கூடமும் கிடையாது. எல்ஜினில் எந்த வகுப்பு டிக்கெட், பக்கத்தில் யார், இடைவேளையில் என்ன வாங்கித் தின்றார்கள், யாருக்குத் தெரியாமல் வந்தார்கள், எந்தக் காட்சியில் தாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார் — இதெல்லாம் எந்தக் காப்பகத்திலும் இல்லை. அறுபதுகளில் இருபது வயதாக இருந்தவர்களின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அவர்களில் பலருக்கு இன்று எண்பதுக்கு மேல்.

பேத்தி ‘பாசமலரை’க் கேலி செய்யட்டும், தப்பில்லை. ஆனால் டிவியை நிறுத்தியதும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “பாட்டி, இந்தப் படத்தை முதல்ல யாரோட பார்த்தீங்க?” பாட்டி கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள். பிறகு சொல்லத் தொடங்குவாள். அந்தப் படத்துக்குப் பிரதி ஒன்றே ஒன்றுதான்.