பக்கத்துப் போர்ஷனில் யார்?

மாத நாவல் படித்து வளர்ந்தவள் நான். அப்பா பஸ் ஸ்டாண்டு கடையில் பாதி விலைக்குப் பழைய புத்தகமாக வாங்கி வருவார். அட்டை கிழிந்திருக்கும். சில சமயம் கடைசிப் பக்கமே இருக்காது. கொலைகாரன் யாரென்று நானும் அப்பாவும் ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருப்போம். ராஜேஷ்குமாரின் விவேக், சுபாவின் நரேந்திரன், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா, சுஜாதாவின் கணேஷ் - வசந்த் எல்லாரும் எங்கள் சேரி வீட்டுத் திண்ணைக்கு வந்து போனவர்கள்தாம். அதனால், வணிக எழுத்து என்றாலே மூக்கைப் பிடித்துக்கொள்கிற இலக்கியவாதிகளோடு சேர்ந்துகொண்டு நான் இதை எழுதவில்லை. படித்தவள் என்கிற பாத்தியதையில் கேட்கிறேன்.

அந்த நாவல்களில் ஒரு வகை உண்டு. ஒரே காம்பவுண்டுக்குள் ஏழெட்டுக் குடித்தனம். இல்லாவிட்டால் நகரத்து அபார்ட்மெண்ட். மாடிப் போர்ஷனுக்குப் புதிதாக ஒருவன் வருகிறான். யாரோடும் ஒட்டமாட்டான். ஜன்னலைத் திறக்கமாட்டான். சொந்த ஊரைக் கேட்டால் மழுப்புவான். தபால்காரர் குரல் கேட்டதும் ஓடிவந்து வாங்கிக்கொள்வான். எதிர்ப் போர்ஷன்காரிக்குச் சந்தேகம் தட்டுகிறது. அவள் ஜன்னல் இடுக்கில் கண்ணை வைக்கிறாள். அவளுக்குப் பின்னால் வாசகர்களாகிய நாமும் நின்று பார்க்கிறோம். கடைசியில் அவன் கொலைகாரனாகவோ கடத்தல்காரனாகவோ இருப்பான். எட்டிப் பார்த்தவள் ஜெயிப்பாள். இது தமிழுக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. 1954இல் ஹிட்ச்காக் எடுத்த 'ரியர் விண்டோ'வில், கால் உடைந்து கிடக்கிற புகைப்படக்காரன் எதிர்வீட்டுக்காரனை ஜன்னல் வழியே கண்காணிக்கிறான். அவன் சந்தேகப்பட்டதுதான் சரி என்று படம் முடிகிறது.

ஊரை மழுப்பினேன். தபாலுக்கு ஓடினேன். ஜன்னலைச் சாத்தி வைத்தேன். அந்த நாவல்களில் வருகிற சந்தேகத்துக்குரிய ஆள் செய்கிற அத்தனையும் நானும் செய்திருக்கிறேன். நான் யாரையும் கொல்லவில்லை. நான் மறைத்தது என் சாதியை.

எம்.ஏ. தமிழ் முடித்து மதுரையில் வேலைக்குச் சேர்ந்தபோது, நானும் ஒரு தோழியும் ஒரு லைன் வீட்டில் குடியேறினோம். ஆறு போர்ஷன், ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். வீட்டுக்காரம்மா அட்வான்ஸைக் கையில் வாங்குமுன் கேட்ட கேள்விகளை இன்றைக்கும் வரிசை மாறாமல் சொல்வேன். "சொந்த ஊரு எதும்மா? ஊருக்குள்ளயா, தள்ளியா? அப்பா என்ன செய்றாரு? குலசாமி எது? கறி, மீனெல்லாம் சமைப்பீங்களா?" சாதி என்ற சொல் ஒருதரம்கூட அவர் வாயில் வரவில்லை. எந்தத் துப்பறியும் சிங்கமும் இவ்வளவு சுத்தமாக விசாரித்து நான் படித்ததில்லை. நான் பொய் சொன்னேன். ஊரை மாற்றவில்லை, தெருவை மாற்றினேன். அம்பேத்கர் படத்தைத் துணிப்பெட்டியின் அடியில் வைத்தேன்.

ஏழாம் மாதம் அம்மா ஊரிலிருந்து வந்தாள். வீட்டுக்காரம்மா முற்றத்தில் நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க" என்றார். அம்மா உட்காரவில்லை. "இருக்கட்டும் தாயி" என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரமாக நின்றாள். அவ்வளவுதான். நான் ஏழு மாதம் மூடி வைத்திருந்ததை அம்மாவின் உடம்பு ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டது. வீட்டுக்காரம்மாவின் கண் அம்மாவின் கால் தொடங்கித் தலைவரைக்கும் போய்த் திரும்பியது. 'பொறி தட்டியது' என்று நாவல்களில் எழுதுவார்களே, அது.

அன்று ராத்திரி நான் அம்மாவைத் திட்டினேன். "ஒக்காரச் சொன்னா ஒக்கார வேண்டியதுதானம்மா. எதுக்குச் செவத்தோட ஒட்டிக்கிட்டு நின்ன?" அம்மா பதில் பேசவில்லை. விடியக்காலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பிப் போய்விட்டாள். வீடு போனது எனக்குப் பெரிசில்லை. அந்த ராத்திரி நானும் அந்த வீட்டுக்காரம்மாவின் கண்ணைக் கடன்வாங்கி அம்மாவைப் பார்த்தேன் என்பதுதான் ஆறவில்லை.

நாலாம் நாள், "மருமகன் மாத்தலாகி வர்றாரும்மா, வீடு வேணும்" என்றார். காலி செய்தோம். ஒரு மாசம் கழித்து அந்தப் பக்கம் போன தோழி, கேட்டில் 'வீடு வாடகைக்கு' பலகை தொங்குவதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

இப்போது சொல்லுங்கள். அந்தக் காம்பவுண்டில் குற்றம் நடந்ததா இல்லையா? குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1955 என்று ஒன்று இருக்கிறது. தீண்டாமையின் பேரால் ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தடுப்பது குற்றம் என்று அதன் 4ஆம் பிரிவு சொல்கிறது. சரி, நிரூபிப்பது யார்? சாதி என்ற சொல்லே உச்சரிக்கப்படவில்லை. சாட்சிக்கு வராத மருமகனையா கூப்பிடுவது? தடயமே இல்லாத குற்றத்தைக் கற்பனை செய்ய நாவலாசிரியர்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்கிறார்கள். நம் ஊர் வீட்டுச் சொந்தக்காரர்கள் அதைச் சர்வசாதாரணமாகச் செய்துவிட்டுச் சாயங்காலம் விளக்கேற்றுகிறார்கள்.

பகிர்ந்து வாழும் கூரையின் கீழே ஒரு ரகசியம் என்றால், இந்த நாட்டில் அதற்கான முதல் கதை ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. எழுதியவர் அம்பேத்கர். நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசுப் பணிக்கு வருகிறார். தங்க இடமில்லை. பார்சி சத்திரம் ஒன்றில், காவலாளிக்கு விஷயம் தெரிந்தே, பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத் தங்குகிறார். மாடியில் ஒரு சின்ன அறை. வெளியே தட்டுமுட்டுச் சாமான் குவிந்த கூடம், வௌவால்கள், மங்கலான ஒரு அரிக்கேன் விளக்கு. பதினோராம் நாள் காலை தடிகளோடு ஒரு டஜன் ஆட்கள் படியேறி வருகிறார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொல்கிறார்கள். இரண்டு நண்பர்களிடம் இடம் கேட்டும் கிடைக்காமல், பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி பம்பாய் ரயிலேறுகிறார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற அந்தச் சிறு நூல் 1990இல்தான் அச்சில் வந்தது. இதைவிடத் திகிலான காட்சியை எந்த மாத நாவலில் காட்டுவீர்கள்? காலம் மாறிப்போச்சு என்பவர்களுக்கு ஒரு தகவல்: அகமதாபாத்தில் பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்ற வீட்டுவசதிச் சங்க விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது.

"பொழுதுபோக்குக் கதையில் எதுக்குச் சாதியைத் தேடுறீங்க?" என்று கேட்கிறார்கள். நான் தேடவில்லை. அது வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஊர் தெரியாதவன், உறவு தெரியாதவன், பேரின் வால் தெரியாதவன் ஆபத்தானவன் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? எந்த நாவலாசிரியரும் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சாதிச் சமூகம் தினமும் கேட்கிற கேள்வியை எடுத்துக் கூர்தீட்டி வாசகர் கையில் திருப்பிக் கொடுக்கிறார்கள். எட்டிப் பார்க்கிற கண்ணுக்கு நியாயம் கற்பிக்கிறார்கள். நான் படித்த நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களில், பார்க்கப்படுகிறவளின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்கிறது என்று எழுதியதை நான் கண்டதில்லை. உண்மையான திகில் அங்கேதான் இருக்கிறது. படியில் காலடிச் சத்தம் கேட்டால், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டால், ஊர்க்காரர் ஒருவர் தெருமுனையில் எதிர்ப்பட்டால் வயிறு கலங்குகிறதே, அதற்கு என்ன பெயர்?

நம்மவர்களிலும் சிலர், "சாட்சியம் போதும் தோழர், மர்மக்கதை நமக்கெதற்கு?" என்கிறார்கள். அவர்களுக்கு மராத்தியைக் காட்டுகிறேன். 1963இல் வந்த பாபுராவ் பாகுலின் முதல் தொகுப்பின் தலைப்புக் கதை, சாதியை மறைத்து உயர்சாதிச் சக ஊழியரோடு தங்குகிற ஒரு ரயில்வேத் தொழிலாளியைப் பற்றியது. எப்போது தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில்தான் அந்தக் கதை நகர்கிறது. தெரிந்தபின் விழுகிறது அடி. அந்தத் தலைப்பில் வரும் வினைச்சொல்லுக்கு மறைத்தல் என்றும் திருடுதல் என்றும் பொருள். நம் சாதியை நாமே திருடிக்கொண்டு ஓடவேண்டியிருக்கிறது, திருட்டுப்பட்டமும் நமக்கே. 'மர்மம்' என்ற வடிவத்தைப் பாகுல் யாரிடமும் இரவல் வாங்கவில்லை. அது நம் வாழ்க்கையிலேயே கிடக்கிறது.

ஆகவே எழுதுங்கள் தோழர்களே. மாத நாவலாக எழுதுங்கள், பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கட்டும். ஜன்னலுக்கு உள்ளே இருப்பவளின் பக்கத்திலிருந்து எழுதுங்கள். வராத மருமகனை விசாரணைக்குக் கூப்பிடுங்கள். கேட்டில் மறுபடி தொங்கிய பலகையைத் தடயப் பொருளாகக் காட்டுங்கள். கேள்வி கேட்டவர்களைக் கூண்டில் ஏற்றி, "ஊருக்குள்ளயா, தள்ளியான்னு எதுக்குக் கேட்டீங்க?" என்று கேளுங்கள்.

அந்தக் கதையில் ஒரு நாற்காலி இருக்கட்டும். அதில் எங்கம்மா உட்கார்ந்திருக்கட்டும்.