எந்த அடுப்புக்கு எந்தச் சட்டி?

பழவேற்காட்டு ஏரியில் பிடித்த மடவையும் இறாலும் வந்துவிட்டால், மீஞ்சூர்ப் பக்கத்தில் மதியத்துக்குக் குழம்புதான். குழம்பு மாறவில்லை, அடுப்பு மாறிவிட்டது. கொல்லையில் விறகு, உள்ளே கேஸ், சிலிண்டர் தீர்ந்த அன்று இண்டக்‌ஷன். ஆனால், எல்லாப் பாத்திரமும் மூன்றுக்கும் ஒத்துவராது.

விறகு அடுப்பு: மண்சட்டியின் உருண்டை அடியைத் தீ சுற்றிப் பிடிப்பதால் சூடு சீராகப் பரவும். அலுமினியக் குண்டான் என்றால், வெளிப்புறம் ஈரச் சாம்பலைப் பூசிவிட்டு ஏற்றுங்கள். கரி சாம்பலோடு கழுவிப் போய்விடும்.

கேஸ் அடுப்பு: மண்சட்டியை வைக்கலாம். ஆனால் எடுத்தவுடன் தீயைக் கூட்டினால் விரிசல் விடும். அடி ஈரத்தைத் துடைத்துவிட்டு, முதல் ஐந்து நிமிடம் சிம்மில் வையுங்கள். காய்ந்த சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்த பிறகும் மண்சட்டியில் குழம்பு சிறிது நேரம் கொதிக்கும். அதனால் மீன் முக்கால் பதம் வெந்ததுமே அணைத்துவிடலாம், துண்டு உடையாது. சின்னப் பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைத்துத் தீ பக்கவாட்டில் ஏறினால், அந்த கேஸ் வீண்.

இண்டக்‌ஷன் அடுப்பு: அவசரத்துக்கு வாங்கிவந்து குண்டானை வைத்தால், 'பீப்' என்று கத்திவிட்டு நின்றுவிடும். காந்தப்புலத்தால் பாத்திரத்தின் அடியையே சூடாக்கும் அடுப்பு இது. மண், செம்பு, பித்தளை, சாதாரண அலுமினியம் எதுவும் இதில் வேகாது. எவர்சில்வரிலும் எல்லாம் சேராது. கடைக்குப் போகும்போது ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைக் கையில் எடுத்துப் போங்கள். அடியில் நன்றாக ஒட்ட வேண்டும். அடி தட்டையாகவும் இருக்க வேண்டும். தட்டையான இரும்பு தோசைக்கல் தாராளமாக வேலை செய்யும். 2,000 வாட்டில் அரை மணி நேரம் ஓடினால் 1 யூனிட். இதற்கு 16 ஆம்பியர் பிளக் தேவை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகவே கூடாது.

மண்சட்டி ருசியை விட மனமில்லையா? எவர்சில்வரில் குழம்பைக் கொதிக்கவைத்து, வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிய மண்சட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

மீன் குழம்புக்கு மறுநாள்தான் ருசி. ஆனால் அதை அலுமினியத்தில் மட்டும் விட்டுவைக்காதீர்கள். புளி உலோகத்தை அரித்துக் குழம்பில் இறக்கிவிடும். எந்த அடுப்பில் கொதித்தாலும், ராத்தங்கும் குழம்புக்கு மண்சட்டியோ எவர்சில்வரோதான் இடம்.