ஆராய்ச்சியிற் பங்கும் பயனிற் பங்கும்

விழா மலர்களிலே கல்லூரியின் பழம்பெருமையை எடுத்தோதுதல் மரபு. அப்பணியைச் செவ்வனே செய்தற்கு இம்மலரில் அறிஞர் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. எமது கல்லூரியிலே விஞ்ஞானம் பயின்று, இன்று உலகின் பல திசைகளிலும் வைத்தியராகவும் ஆராய்ச்சியாளராகவும் தொழில் புரியும் பழைய மாணவர் தொகை சிறிதன்று. அவர்களையும், ஆராய்ச்சிக்கு உடன்படும் எம்மூர்ப் பொதுமக்களையும் ஒருங்கே தொட்டுநிற்கும் பொருளொன்று உண்டு. நாடுகள் பல கூடி இருதய நோயைப் பற்றிச் செய்யும் ஆராய்ச்சியே அது. அவ்வாராய்ச்சியில் எம்மவர் எவ்விடத்தில் நிற்கின்றனர், எவ்விடத்தில் நிற்றல் வேண்டும் என்பதே ஈண்டு எமது வினா.

நாடுகள் கூடி ஆராய வேண்டுவது ஏன் என்பதை முதற்கண் காண்போம். ஒரு வைத்தியர் தம்மிடம் வரும் ஐம்பது நோயாளரைக் கண்டு ஒரு மருந்தின் நன்மை தீமையைத் துணிந்து கூறல் இயலாது. தற்செயலாய் நேர்வதும் மருந்தால் விளைவதும் அச்சிறு தொகையில் ஒன்றோடொன்று கலந்து நிற்கும். 1988ஆம் ஆண்டில் முடிவு வெளியான ஐசிஸ்-2 என்னும் ஆராய்ச்சியிலே 16 நாடுகளைச் சேர்ந்த 417 வைத்தியசாலைகள் கூடின. மாரடைப்பு எனக் கருதப்பட்ட 17,187 பேர் அதிற் சேர்க்கப்பட்டனர். அஸ்பிரின் பெறாத 8,600 பேரில் 1,016 பேர் ஐந்து வாரங்களுள் இருதய, இரத்தக்குழாய் நோய்களால் இறந்தனர். அதனைப் பெற்ற 8,587 பேரில் அவ்வாறு இறந்தோர் 804 பேர். தலைவலிக்குக் கடையில் வாங்கும் மலிவான மாத்திரை உயிர்காக்கும் மருந்தென்பது இங்ஙனம் ஐயமற நிறுவப்பட்டது.

அதே ஆராய்ச்சியில் மற்றொரு பாடமும் உண்டு. நோயாளரைச் சிறு சிறு பிரிவாக்கி முடிவு காணுமாறு அதனை வெளியிட்ட பத்திரிகையார் கேட்க, ஆராய்ச்சியாளர் மேனாட்டுச் சோதிட முறைப்படி பிறந்த இராசியால் அவர்களைப் பிரித்துக் காட்டினர். மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தோர்க்கு அஸ்பிரின் சற்றுத் தீங்கு செய்ததாகவும், ஏனையோர்க்குப் பெருநன்மை செய்ததாகவும் கணக்கு வந்தது. இராசிக்கும் இருதயத்துக்கும் தொடர்புண்டென்று காட்டுதல் அவர்கள் கருத்தன்று. தொகை சிறுகச் சிறுகப் பொய் மெய்போலத் தோன்றும் என்று உணர்த்துதற்கே அவ்வாறு செய்தனர். தனித்து நிற்கும் சிறு நாடு இவ்விடரினின்றும் தப்புவது அரிது. ஆதலின் கூட்டாராய்ச்சி வேண்டுமா என்பதில் எமக்கு ஐயமில்லை.

ஐயம் பிறிதோரிடத்தில் எழுகின்றது. யாருடைய உடலை ஆராய்ந்து கண்ட உண்மை, யாருக்கு விதியாக்கப்படுகின்றது? அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரில் 1948ஆம் ஆண்டிலே 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய நெடுங்கால ஆராய்ச்சியே, குருதி அமுக்கமும் கொலஸ்தரோலும் புகைத்தலும் இருதயத்துக்குப் பகையென உலகுக்கு உணர்த்திற்று. அவ்வூரார் பெரும்பாலும் ஐரோப்பிய வழிவந்தோர். 1958ஆம் ஆண்டில் அன்செல் கீஸ் தொடங்கிய ஏழு நாடுகள் ஆராய்ச்சி, அமெரிக்கா, பின்லாந்து, ஒல்லாந்து, இத்தாலி, யூகோசிலாவியா, கிரேக்கம், யப்பான் ஆகியவற்றைச் சேர்ந்த ஏறக்குறைய 12,700 ஆடவரைத் தொடர்ந்து நோக்கிற்று. அதிலே தென்னாசியர் இலர். பெண் ஒருவரும் இலர். அப்பேரறிஞரின் உழைப்பை நாம் குறைகூறவில்லை. ஆயினும் அவர்கள் அளவையைக் கொண்டே எமது மக்களையும் பல்லாண்டுகளாக அளந்து வந்தோம் என்பதை மறத்தல் கூடாது.

இக்குறையைப் பெரிதும் நீக்கியது இன்டர்ஹார்ட் என்னும் ஆராய்ச்சி. கனடாவிலிருந்து சலீம் யூசுப் தலைமையில் நடைபெற்ற அதன் முடிவு 2004ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 52 நாடுகளிலிருந்து, மாரடைப்புற்றோர் ஏறக்குறைய 15,000 பேரும் அவர்களோடு ஒப்பிடுதற்கு அந்நோயில்லாதோர் ஏறக்குறைய அத்துணைப் பேரும் அதில் இடம்பெற்றனர். இலங்கையும் அந்நாடுகளுள் ஒன்று. புகைத்தல், நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், குருதிக் கொழுப்பு, வயிற்றுப் பருமன், மனநெருக்கடி முதலாய ஒன்பது காரணிகளே பெரும்பாலான மாரடைப்புக்களுக்கு எந்நாட்டிலும் அடிப்படை என்று அது கண்டது. தென்னாசியரைப் பற்றி 2007ஆம் ஆண்டில் வெளியான பகுதி எம்மைத் திடுக்கிடச் செய்வது. முதன்முறை மாரடைப்புறும் வயது ஏனை நாட்டாரிடத்தே சராசரி 59 ஆக இருக்க, தென்னாசியரிடத்தே 53 ஆக இருந்தது. ஆறாண்டு வேறுபாடு சிறிதென்று கருதுவார் எண்ணிப் பார்க்க. ஐம்பத்து மூன்று வயதில் வீழ்பவர் வீட்டிலே, படித்து முடியாத பிள்ளையும் மணமாகாத மகளும் இருத்தல் எம் சமூகத்திற் பெருவழக்கு. தந்தையோடு அக்குடும்பத்தின் வருவாயும் வீழ்கின்றது. எம்மவரையும் சேர்த்து ஆராய்ந்திராவிடின் இவ்வுண்மையை நாம் எண்ணால் அறிந்திருக்க மாட்டோம்.

இனி எமது நாட்டிலே நிகழ்ந்த இரு முயற்சிகளைக் கூறுவோம். களனிப் பல்கலைக்கழகத்தாரும் அவுஸ்திரேலியாவின் ஜோர்ஜ் நிறுவனத்தாரும் கூடி, 2016, 2017ஆம் ஆண்டுகளில் இலங்கையின் 11 நகர வைத்தியசாலைகளில் 700 நோயாளரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். குருதி அமுக்கத்தைத் தணிக்கும் மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாக்கிச் சிலருக்கும், வழக்கமான வைத்தியத்தை ஏனையோர்க்கும் அளித்தனர். ஆறு மாதத்தின் பின்னர், ஒற்றை மாத்திரை பெற்றோரில் நூற்றுக்கு 70 பேரும் ஏனையோரில் நூற்றுக்கு 55 பேரும் உரிய அளவை எய்தியிருந்தனர். இரண்டாவது, இலங்கை, வங்காளதேசம், பாக்கித்தான் ஆகிய மூன்று நாடுகளின் கிராமங்களிலே 2,645 பேரிடை நிகழ்ந்து, 2020ஆம் ஆண்டில் முடிவு வெளியானது. அரசாங்கச் சுகாதார ஊழியர் வீடுதோறுஞ் சென்று குருதி அமுக்கத்தை அளந்து, அறிவுரை கூறி, வேண்டியோரை வைத்தியரிடம் அனுப்பினர். ஈராண்டின் முடிவில், அவ்வாறு கவனிக்கப்பட்ட ஊர்களிலே அமுக்கம் ஏனை ஊர்களினும் ஐந்து அலகளவு மிகுதியாகக் குறைந்திருந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டியிருக்கவில்லை.

இவை எமக்குப் பெருமை தருவன. பெருமையோடு அமைதல் போதுமா? எமது நாட்டிற் சோதிக்கப்பட்ட அம்மூன்று மருந்துக் கருத்து மேலும் வளர்ந்து, மருந்துகளுள் ஒன்று மாற்றப்பட்டுப் புதிய மாத்திரையாகி, 2025ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அமெரிக்காவிலே விற்பனைக்கு அங்கீகாரம் பெற்றது. அது நன்றே, அந்நாட்டாரும் நோயுறுவோரே. ஆனால் சோதனைக்கு முன்வந்த எமது நோயாளரைப் போன்றோர்க்கு, அரசாங்க வைத்தியசாலை மருந்துச் சாளரத்தில் அது கிடைப்பது எப்போது, என்ன விலைக்கு என்று கேட்கும் உரிமையும் கடமையும் எமக்குண்டு. சோதனை தொடங்குமுன் கேட்கப்படவேண்டிய வினா இது. முடிந்தபின் கேட்டல் காலந்தாழ்ந்ததாகும்.

பிறநாட்டார் எமது மக்களைச் சோதனைப் பொருளாக்குகின்றனர், ஆதலின் கதவை அடைத்தலே நன்று என்பாரும் உளர். அவர் அச்சத்தில் நியாயம் ஒரு பங்குண்டு. எனினும் கதவை அடைத்தால் நேர்வது யாது? பிறர் உடலில் கண்ட அளவையை மீண்டும் நாம் கடன் வாங்குவோம். ஐம்பத்து மூன்று வயதின் காரணம் ஆராயப்படாமற் கிடக்கும். விலகி நிற்றலால் வரும் நட்டம் நோயாளிக்கே. ஆதலின் உள்ளே நின்று ஒப்பந்தத்தைச் சீராக்குதலே தக்கது.

இதற்குப் பின்லாந்து நல்லதோர் உதாரணம். ஏழு நாடுகள் ஆராய்ச்சியிலே இருதய நோய் மிக மலிந்து காணப்பட்டது அந்நாட்டின் கீழ்ப்பகுதி. தம்மைப் பற்றிய அவ்வுண்மையை அறிந்த வட கரேலியா மாகாணத்தார், 1971ஆம் ஆண்டிலே தமது அரசாங்கத்துக்கு மனுச் செய்து உதவி கோரினர். அடுத்த ஆண்டிலே பெக்கா புஸ்கா தலைமையில், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு வேலை தொடங்கிற்று. வெண்ணெய்யும் உப்பும் புகையும் குறைந்தன. மாதர் சங்கங்கள் சமையல் முறையை மாற்றக் கற்பித்தன. சில தசாப்தங்களில், உழைக்கும் வயதினரான ஆடவரிடத்து இருதய நோய் மரணம் நூற்றுக்கு எண்பதுக்கு மேற் குறைந்தது. ஆராயப்பட்ட மக்களே வாய்திறந்து கேட்டமையால் ஆராய்ச்சி அவர்கள் வீட்டுக்குப் பயனாய்த் திரும்பி வந்தது.

எம்மவர் கேட்கவேண்டியவை மூன்று. முதலாவது, ஆராயப்படும் வினாவை வகுக்கும்போதே எமது நாட்டு வைத்தியரும் மக்களும் அதிற் கலந்திருத்தல் வேண்டும். இரண்டாவது, முடிவு ஆங்கிலப் பத்திரிகையோடு நின்றுவிடாமல், பங்குகொண்டோர்க்குத் தமிழிலும் சிங்களத்திலும் எடுத்துரைக்கப்படல் வேண்டும். மூன்றாவது, நன்றென நிறுவப்பட்ட சிகிச்சை அவர்களுக்குக் கிடைக்க வழி செய்யப்படல் வேண்டும். இம்மூன்றாவது எமது புதுக் கோரிக்கையன்று. உலக வைத்திய சங்கத்தார் 1964ஆம் ஆண்டில் வகுத்த ஹெல்சிங்கிப் பிரகடனத்தில், 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது இக்கருத்து இடம்பெற்றது. ஏட்டில் உள்ளதை நாட்டில் நடைமுறையாக்குதலே எஞ்சியுள்ளது.

இவ்விடத்திலேதான் பழைய மாணவர் துணை வேண்டப்படுகின்றது. பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களிலே ஆராய்ச்சி செய்யும் எம் சகோதரர், இலங்கையைத் தமது திட்டத்திற் சேர்க்கும்போது இம்மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் செய்வாராக. ஈண்டுள்ள வைத்தியர், ஒழுக்கநெறிக் குழுக்களில் அமர்ந்து இவற்றை வற்புறுத்துவாராக. வைத்தியரல்லாத ஏனையோர் கிராமங்களிலே குருதி அமுக்கம் அளக்கும் முகாம்களுக்குக் கைகொடுப்பதோடு, தம்மூரில் ஆராய்ச்சி நிகழ்ந்தால் அதன் முடிவு யாதென்று கூசாது கேட்பாராக. பொருளுதவி செய்வார் தாய்க் கல்லூரிக்குக் கட்டடம் எழுப்புதல் போற்றத்தக்கது. அதனோடு, ஆராய்ச்சி முறையும் புள்ளிவிவரவியலும் பயிலச் செல்லும் மாணாக்கன் ஒருவனுக்கு ஆண்டுதோறும் உபகாரச் சம்பளம் அளிக்க ஒரு நிதி நிறுவப்படல் வேண்டும் என்பது எமது வேண்டுகோள். பழைய மாணவர் சங்கத்தின் அடுத்த பொதுக் கூட்டத்திலேயே இதனை எடுத்து ஆராய்வார்களென நம்புகின்றோம்.