எந்த வருஷத்துப் பாட்டு பெரிசு?

(மூன்றாமாண்டு மின்னணுவியல் மாணவன் எழுதுவது)

நம் விடுதியில் சண்டைக்கு என்றைக்குமே பஞ்சம் வந்தது கிடையாது. சாம்பாரில் பருப்பு இருக்கிறதா இல்லையா என்று சண்டை. காலையில் பக்கெட் யாருடையது என்று சண்டை. ஆனால் போன செமஸ்டரில் நான்கு ராத்திரி நம்மைத் தூங்கவிடாமல் அடித்த சண்டை இருக்கிறதே, அது தனி ரகம். "தமிழ் சினிமாப் பாட்டுக்கு எந்த வருஷம் பெஸ்ட்?" இவ்வளவுதான் கேள்வி. இதற்காக ரெக்கார்டு நோட்டை மூடி வைத்துவிட்டு வாதாடியவர்கள் எத்தனை பேர் என்பது வார்டனுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது!

ஆரம்பித்து வைத்தது மின்வாரியம். கரண்ட் போனது, எல்லாரும் மொட்டை மாடிக்கு வந்தோம். எவனோ செல்போனில் 'ரோஜா' படப் பாட்டைப் போட்டான். "மச்சி, இந்த மாதிரி வருஷம் இனிமே வராதுடா" என்று நான் சொன்னேன். வாய் சும்மா இருந்ததா பாருங்கள்!

சண்டை என்றாலும் நாம் டிப்ளமோ மாணவர்கள் அல்லவா, முதலில் விதிமுறை வகுத்தோம். ஒன்று: படம் வெளியான வருஷம்தான் கணக்கு. இரண்டு: நம் ஊரில் ஆல்பம் என்றால் பெரும்பாலும் சினிமாப் படத்தின் பாட்டுத் தொகுப்புதான், எனவே அதையே எடுத்துக்கொள்வது. மூன்றாவது விதி அடியேன் கொண்டு வந்தது: ஒரு பாட்டு ஹிட்டானால் போதாது. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒன்றைக்கூடத் தள்ளாமல் கேட்க முடிய வேண்டும். அதுதான் ஆல்பம். இந்த மூன்றாவது விதியை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது என் தலையிலேயே விழப்போகிறது.

முதலில் களம் இறங்கியவர் மாணவரே அல்ல, நம் மெஸ் மாஸ்டர் அண்ணன். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர். கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "தம்பிங்களா, 1964. அத்தோட முடிச்சுக்கோங்க." பிறகு விரல் விட்டு எண்ணினார். கர்ணன், காதலிக்க நேரமில்லை, புதிய பறவை, படகோட்டி, தெய்வத்தாய், சர்வர் சுந்தரம். ஆறுமே 1964, ஆறுக்குமே இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. "கர்ணனுக்கு ஒரு இசை, காதலிக்க நேரமில்லைக்கு ஒரு இசை. ஒரே ஆளுங்க போட்டதுன்னு சொன்னா நம்புவியா?" என்றார். அதே வருஷம் கே.வி.மகாதேவன் இசையில் வேட்டைக்காரனும் நவராத்திரியும் வந்ததையும் சேர்த்துக்கொண்டார். மறு வருஷம், 1965ல், இரட்டையர் பிரிந்துவிட்டார்கள் என்று சொல்லும்போது அண்ணன் குரல் கொஞ்சம் இறங்கியது. எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் சொன்னால் மறுநாள் தோசை கருகும் என்பது ஒரு காரணம். அவர் சொன்னதில் தப்பில்லை என்பது இன்னொரு காரணம்.

அடுத்து மெக்கானிக்கல் நண்பன் எழுந்தான். அவன் இளையராஜாவின் பக்தன். அவன் கட்சி 1985. சிந்து பைரவி, முதல் மரியாதை, இதய கோவில், உதய கீதம், ஆண் பாவம். "எல்லாம் ஒரே வருஷம்டா! இது லிஸ்ட்ல பாதிகூட இல்ல" என்று கர்ஜித்தான். ஆதாரமும் வைத்திருந்தான். 1985ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதில் சிறந்த இசையமைப்பாளர் இளையராஜா, சிறந்த பாடகி சித்ரா, இரண்டும் சிந்து பைரவிக்காக. சிறந்த பாடலாசிரியர் வைரமுத்து, முதல் மரியாதைக்காக. மூன்று விருதும் தமிழ்ப் பாட்டுக்கே!

கைதட்டல் அடங்கியதும் நான் எழுந்தேன். என் வருஷம் 1992. "உன் மூணு விருதுக்கு என்கிட்டயும் மூணு இருக்கு மாப்ளே" என்று ஆரம்பித்தேன். 1992ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதில் இசைக்கு ஏ.ஆர்.ரகுமான், பாடலுக்கு வைரமுத்து, இரண்டும் ரோஜாவுக்காக. பாடகிக்கான விருது எஸ்.ஜானகிக்கு, தேவர் மகனுக்காக. 1985ல் மூன்றும் ஒரே இசையமைப்பாளரின் பாட்டுக்குப் போயின. 1992ல் இரண்டு பேரின் பாட்டுக்குப் பிரிந்து போயின. அந்த இசை விருதுக்கே ரோஜாவுக்கும் தேவர் மகனுக்கும் சம ஓட்டு விழுந்து, நடுவர் குழுத் தலைவர் பாலுமகேந்திராவின் ஓட்டில்தான் முடிவானது என்று சொல்வார்கள். ஒரு வருஷத்தின் பெருமைக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

ரோஜா 1992 ஆகஸ்ட் 15ல் வந்தது. ரகுமானுக்கு அப்போது வயது 25. முதல் படம். கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்ந்த ஸ்டூடியோவில் உருவாக்கிய இசை. 2005ல் 'டைம்' பத்திரிகை உலகத்தின் சிறந்த 10 திரையிசைத் தொகுப்புகளைப் பட்டியல் போட்டபோது அதில் ரோஜாவும் இருந்தது. இரண்டு மாதம் கழித்து தீபாவளிக்கு தேவர் மகன். வாலியின் வரிகள், ராஜாவின் இசை. இதோடு முடிந்ததா? அதே வருஷம் ராஜாவுக்கு மன்னன், சிங்காரவேலன், செம்பருத்தி, மீரா, நாடோடித் தென்றல். தேவாவுக்கு அண்ணாமலை, சூரியன். ஆதித்யனுக்கு அமரன். மரகதமணிக்கு வானமே எல்லை. இந்த மரகதமணி யார் தெரியுமா? தெலுங்கில் கீரவாணி. 2023ல் ஆஸ்கர் மேடையில் நின்றவர். 2009ல் நின்றவர் ரகுமான். பின்னாளில் ஆஸ்கர் வாங்கிய இரண்டு இசையமைப்பாளர்களும் தமிழில் பாட்டுப் போட்ட வருஷம் அய்யா அது!

ராஜாவா, ரகுமானா என்று இன்றைக்கும் டீக்கடையில் அடித்துக்கொள்கிறார்கள். ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர்தான் ரகுமான். இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் உச்சத்தில் நின்றார்கள் என்றால், சண்டை எதற்கு? 1992 என்று சொன்னால் இரண்டு கட்சியும் ஜெயித்தது. நான் இப்படி முடித்தபோது விசில் பறந்தது. மெக்கானிக்கல் நண்பன்கூட "சரி, போடா" என்றான். நானே நடுவர், நானே வக்கீல், நானே ஜெயித்தவன்!

அங்கேதான் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

எல்லாரும் கீழே இறங்கிய பிறகு ஒருவன் மட்டும் தொட்டியோரம் உட்கார்ந்திருந்தான். என் வகுப்புத்தான், தெற்கே ஒரு கிராமம். நான்கு ராத்திரியும் வந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. "என்னடா, உன் ஓட்டு எந்த வருஷத்துக்கு?" என்று கேட்டேன்.

"நீ ஒரு ரூல் சொன்னியே, ஒரு பாட்டையும் தள்ளக் கூடாதுன்னு. தேவர் மகன்ல ஒரு பாட்டு இருக்குல்ல, சாதிப் பேரச் சொல்லிப் பாடுறது. அத என்னால தள்ளாம கேக்க முடியாதுடா" என்றான்.

சும்மா இருக்கத் தெரியாமல், "பாட்டு நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கும். எங்க ஊர்ல அத ஸ்பீக்கர்ல எங்க தெரு முனைக்கு வந்ததும்தான் சத்தமா வைப்பாங்க. எங்கம்மா வாசல்ல இருந்து என்னைய உள்ள கூப்பிட்டு கதவச் சாத்திரும். சின்ன வயசுல எனக்கு அது பாட்டே இல்ல. கதவு சாத்துற சத்தம்."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன்.

லேபில் நமக்கு ஆம்ப்ளிஃபையர் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே என்ன வருகிறதோ அதைப் பெரிசாக்கி வெளியே அனுப்பும். அது வாழ்த்தா, மிரட்டலா என்று பார்க்காது. பார்க்க வேண்டியது ஸ்விட்சில் கை வைத்திருப்பவன். இரண்டு வருஷமாக நம் கல்லூரி ஆண்டு விழாவில் மைக் செட் பக்கத்தில் நிற்பவன் நான். போன வருஷம் சாயங்காலம் அந்தப் பாட்டைப் போடச் சொல்லி ஒரு கூட்டம் வந்து கேட்டது. போட்டேன். ஆட்டம் தூள் பறந்தது. அந்த நேரத்தில் இவன் எங்கே இருந்தான்? இப்போது யோசித்தால் ஞாபகம் இல்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனேன். பரண் மேல் அப்பாவின் பழைய டேப்ரிக்கார்டர் கிடந்தது. பெல்ட் போயிருந்தது, மாற்றினேன், ஓடியது. அப்பா 1992ல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் கடையில் வேலை பார்த்தவர். துண்டுச் சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து கொடுப்பார்கள். (சட்டப்படி சரியா என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் அந்தக் கடை இருந்தது.) அவர் தனக்கென்று பதிந்து வைத்த ஒரு கேசட் கிடைத்தது. ஏ பக்கம் ரோஜா, பி பக்கம் தேவர் மகன், நீல மையில் அப்பாவின் கையெழுத்து. என் 1992 முழுதும் என் உள்ளங்கையில்!

பி பக்கத்தைப் போட்டேன். ஒவ்வொரு பாட்டாக வந்தது. அந்த ஒரு பாட்டு மட்டும் வரவில்லை. கடைசியில் வெறும் டேப் இரைச்சலோடு ஓடியது. இடம் இருந்திருக்கிறது, பாட்டு இல்லை.

"ஏம்ப்பா, ஒண்ண விட்டுட்டீங்க?" என்று கேட்டேன்.

அப்பா பேப்பரிலிருந்து நிமிரவில்லை. "இந்தக் கேசட்டத்தான் கடையில பகல் முழுக்க ஓட விடுவேன். கடைக்கு எல்லாத் தெருக்காரனும் வருவான்லடா" என்றார். அவ்வளவுதான். அவருக்கு அப்போது வயது 18. நம் வயது.

நண்பர்களே, இதை எழுதுவதால் வாலியையோ இளையராஜாவையோ நான் குறை சொல்கிறேன் என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம். கதையில் ஓர் இடத்துக்காக எழுதிய பாட்டு, கதையை விட்டு வெளியே வந்து தெருவில் வேறு வேலை பார்த்தது. அதுதான் விஷயம். அது முடிந்துபோன விஷயமும் இல்லை. 2023ல் 'மாமன்னன்' பாட்டு வெளியீட்டு விழாவில் இயக்குநர் மாரி செல்வராஜ், கமல்ஹாசனையே எதிரில் வைத்துக்கொண்டு, மாமன்னன் உருவாக தேவர் மகன் ஒரு முக்கியமான காரணம் என்று சொன்னார். தேவர் மகனில் இசக்கியாக வந்த வடிவேலு, 31 வருஷம் கழித்து மாமன்னனாக வந்தார். அந்தப் படத்துக்கு இசை யார்? 1992ல் ரோஜாவோடு வந்த அதே ரகுமான். வடிவேலுவை அதில் பாடவும் வைத்தார்.

ஆகவே என் ஓட்டு இன்னும் 1992க்குத்தான். ஆனால் காரணத்தை மாற்றிக்கொள்கிறேன். தள்ள வேண்டிய பாட்டே இல்லாத வருஷம் என்பதால் அல்ல. அந்த மூன்றாவது விதியை இதன் மூலம் வாபஸ் வாங்குகிறேன். ஒரு வருஷத்துப் பாட்டு நம்மைத் தூக்கிவிட்டதையும் சொல்ல வேண்டும், நம்மில் ஒருவனை வீட்டுக்குள் அனுப்பிக் கதவைச் சாத்த வைத்ததையும் சொல்ல வேண்டும். இரண்டையும் சொல்லிவிட்டு அப்புறமும் "இதுதான் பெஸ்ட்" என்று சொல்ல முடிந்தால்தான் அது மதிப்பு. பாதியை மறைத்துவிட்டு மார்க் போடுவது, வைவாவில் தெரிந்த கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் சாமர்த்தியம்தான்.

மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். வரும் ஆண்டு விழாவில் ஸ்பீக்கரில் என்னென்ன பாட்டு என்று மூன்று நாள் முன்னதாகவே நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். பிடித்ததை யார் வேண்டுமானாலும் எழுதட்டும். அதேபோல், யார் வேண்டுமானாலும் ஒரே ஒரு பாட்டை அடிக்கலாம். ஏன் அடித்தாய் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. இதற்குத் தடை என்று பெயர் வைக்க வேண்டாம். அவனவன் அறையில், அவனவன் போனில் எதை வேண்டுமானாலும் கேட்கட்டும். ஸ்பீக்கர் பாக்ஸ் மட்டும் எல்லாத் தெருக்காரனுக்கும் பொது.

இந்த யோசனையை முதலில் மெஸ் மாஸ்டரிடம்தான் சொன்னேன். முழுதும் கேட்டார். தலையை ஆட்டினார். "ரொம்ப சரி தம்பி. அந்த லிஸ்ட்ல 1964ல இருந்து ஒரு பத்துப் பாட்டு எழுதிரு. எவன் அடிக்கிறான்னு நான் பாத்துக்குறேன்" என்றார்.

அடிக்கிறவர்கள் ஜாக்கிரதை. தோசை அவர் கையில்!