கம்பியில்லா அட்டைக்கு இரண்டு கம்பி

படிவம் இரண்டில் படித்தபோது ஒரு தமிழ்ப் பேச்சுப்போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. தலைப்பு, 'கணினி யுகத்தில் தமிழ்'. கணினி, மென்பொருள், வன்பொருள், இணையம், மின்னஞ்சல் என்று ஒரே மூச்சில் இருபது சொற்களை அடுக்கிவிட்டு, எந்த அறிவியலையும் தாங்கும் வலிமை அன்னைத் தமிழுக்கு உண்டு என்று முழங்கி முடித்தேன். நல்ல கைத்தட்டல். அன்று நான் சொன்ன எதுவும் பொய்யில்லை. ஆனால், அதுவரை நான் ஒரு கணினியின் மூடியைக்கூடக் கழற்றிப் பார்த்ததில்லை. பேச்சை எழுதிக் கொடுத்தவரும் பார்த்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

அந்த மூடி என்னைப் பழிவாங்கியது 2024 அக்டோபரில், ஒரு வியாழக்கிழமை இரவில். இடுபணியை 11.59க்குள் பதிவேற்ற வேண்டும். பத்தரை மணிக்கு என் மடிக்கணினியின் திரையோரத்திலிருந்த அருகலைச் சின்னம் காணாமல் போனது. விடுதி இணையம்தான் போய்விட்டதோ என்று பக்கத்து அறைகளில் கேட்டால், எல்லாருக்கும் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. கைப்பேசி வழி இணைக்கலாம் என்றால், அதைத் தேடும் வசதியே கணினியில் இல்லை. கடைசியில் கோப்பை விரலியில் ஏற்றி, அறைத்தோழியின் கணினியிலிருந்து 11.52க்கு அனுப்பினேன்.

மறுநாள் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் மூடியைத் திறக்கவில்லை. இரண்டு முறை முடுக்கிப் பார்த்துவிட்டு, "மதர்போர்ட் டா ரோசாக்" என்றார். 450 ரிங்கிட், ஒரு வாரம் ஆகும். பி.டி.பி.டி.என். கடனில் 1,100 ரிங்கிட்டுக்குப் பழைய கணினியாக வாங்கியது அது. அதற்கு இன்னொரு 450 என்றால் அந்த மாதச் சாப்பாடு என்னாவது? கணினியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் பேருந்து ஏறிவிட்டேன்.

அப்பா சுங்கை சிப்புட்டில் சிறிய மோட்டார் சைக்கிள் பட்டறை நடத்துகிறார். கணினியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "கார்ப்ரேட்டர் அடைச்சிருந்தா இஞ்சினையே மாத்தணும்னு சொல்றவனும் உண்டும்மா. அவன் தொறந்து பாத்தானா? நீயாவது தொறந்து பாத்தியா?"

திறக்கும் முன் யோசித்துப் பார்த்தேன். அருகலையோடு புளூடூத்தும் காணாமல் போயிருந்தது. ஆனால் ஒலி, விரலி, திரை எல்லாம் ஒழுங்காக இருந்தன. இன்றைய மடிக்கணினிகளில் அருகலையும் புளூடூத்தும் பெரும்பாலும் ஒரே அட்டையில்தான் இருக்கின்றன என்று அறைத்தோழியின் கணினியில் படித்திருந்தேன். இரண்டும் சேர்ந்தே போயிருக்கின்றன என்றால், குற்றவாளி தாய்ப்பலகையாக இருப்பதைவிட அந்த அட்டையாக இருக்கத்தானே வாய்ப்பு அதிகம்?

பட்டறை மேசையில் பழைய நாளிதழை விரித்து வேலையைத் தொடங்கினோம். முதலில் முழு நிறுத்தம். விண்டோசில் 'ஷட் டவுன்' கொடுத்தாலும், விரைவாக எழும்புவதற்காக அது பாதித் தூக்கத்தில் இருப்பதுண்டு. ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே நிறுத்தினால்தான் முழுமையாக அணையும். மின்கம்பியைப் பிடுங்கி, அடிப்பக்கத் திருகாணிகளைக் கழற்றினேன். திருகாணிகள் எல்லாம் ஒரே நீளமல்ல! நீளமானதைக் குட்டையின் துளையில் முறுக்கினால் உள்ளே எதையாவது குத்திவிடும். அதனால் தாளில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டிவைத்தேன். இது அப்பா சொல்லிக் கொடுத்தது. இஞ்சின் பிரிக்கும்போது அவர் அப்படித்தான் செய்வாராம். மூடியின் விளிம்பை நெம்புவதற்கு என் பழைய பள்ளி நூலக அட்டை உதவியது. பிறகு மின்கலத்தின் இணைப்பைப் பிரித்தேன். நம் உடம்பிலிருந்து பாயும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும் என்பதால், உள்ளே கைவைக்கும் முன் பட்டறையின் இரும்புக் கதவைத் தொட்டுவிட்டு வந்தேன்.

எவ்வளவு சிறியது தெரியுமா அந்த அட்டை? அகலம் 22 மில்லிமீட்டர், நீளம் 30 மில்லிமீட்டர். அதனால்தான் அந்த அளவுக்கு 2230 என்று பெயர். ஒரே ஒரு திருகாணி பிடித்திருக்கிறது. அதை எடுத்தால் அட்டை தானாகவே சாய்வாக மேலெழும்பி நிற்கிறது. அதை உருவி, மறுபடி செருகிப் பூட்டி முடுக்கியபோது அருகலை வந்தது. எனக்கு ஒரே குதூகலம்! பத்து நிமிடத்தில் மறுபடி போனது. சரி, அட்டையின் ஆயுள் அவ்வளவுதான்.

புதிய அட்டை வாங்குவதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பலர் விழுந்திருக்கிறார்கள், நான் மயிரிழையில் தப்பினேன். இணையச் சந்தையில் இண்டெல் ஏஎக்ஸ்210 என்று ஓர் அட்டை உண்டு, ஏஎக்ஸ்211 என்று இன்னொன்றும் உண்டு. எண்ணில் ஒன்றுதான் வேறுபாடு, உருவமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால், 210 தன் வேலை முழுவதையும் தானே செய்துகொள்ளும். 211 பாதி வேலையைக் கணினியின் செயலிக்கு விட்டுவிடும். அந்தப் பாதியைச் செய்யத் தெரிந்த குறிப்பிட்ட சில இண்டெல் செயலிகள் இருந்தால்தான் அது உயிர்பெறும். ஏஎம்டி செயலி உள்ள கணினியில் 211ஐச் செருகினால் வெறும் அட்டைதான். இன்னொன்று, சில நிறுவனங்களின் பழைய கணினிகள் தாங்கள் அனுமதித்த அட்டைகளைத் தவிர மற்றவற்றை ஏற்காமல் முடுக்கத்திலேயே நின்றுவிடும். அதையும் விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது. நான் 210ஐ எழுபது ரிங்கிட்டுக்குள் வாங்கி, பூட்டி முடித்தேன். 450 எங்கே, 70 எங்கே!

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன்.

அடுத்த பருவ விடுமுறையில், கெடாவிலிருந்து வரும் முதலாமாண்டுத் தங்கை ஒருத்தி அழைத்தாள். அவளும் என்னைப்போல் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு, புகுமுக வகுப்பு ஏறி, தேசிய இடைநிலைப்பள்ளி வழியாக வந்தவள். கணினிக்கு அதே நோய். அக்கம்பக்கத்தில் கேட்க ஆளில்லை. "அக்கா, ஃபோன்லயே சொல்லுங்கக்கா, நான் செஞ்சிடுறேன்" என்றாள். சரியென்று தொடங்கினேன். "அந்த ஸ்க்ரூவ எடுத்துட்டியா? இப்ப அந்த இத லேசா இப்படித் தூக்கு. இல்ல, அத இல்ல, பக்கத்துல இருக்குமே, அத." மறுமுனையில் மௌனம். "எதக்கா?"

எனக்கே வெட்கமாகிவிட்டது. இருபது கலைச்சொல்லை ஒரே மூச்சில் அடுக்கியவளிடம், ஒரு திருகாணியைக் கழற்றிக் காட்ட 'இது', 'அது', 'இப்படி' என்ற மூன்றைத் தவிர வேறு தமிழ் இல்லை!

அன்றிலிருந்து நான் யோசிப்பது இதைத்தான். நம் கணினித் தமிழில் பெயர்ச்சொற்கள் நிறைய இருக்கின்றன, வினைச்சொற்கள் இல்லை. வன்பொருள் என்று சொல்லிவிட்டோம், அந்த வன்பொருளை என்ன செய்வது என்று சொல்லவில்லை. வினைகள் மொழியில் இல்லாமல் போய்விடவில்லை. நெம்பு, செருகு, உருவு, அழுத்து, திருகு, பூட்டு, முறுக்கு என்று எல்லாமே அப்பாவின் பட்டறையில் நாள்தோறும் புழங்குகின்றன. "மரை தேஞ்சிடும், மெதுவாத் திருகு" என்று அன்று அவர் சொன்னாரே, அந்த 'மரை' என்ற சொல்லை நான் எந்தக் கலைச்சொல் பட்டியலிலிருந்தும் கற்கவில்லை. நம் கலைச்சொற்கள் மேடையில் இருக்கின்றன, வினைச்சொற்கள் பட்டறையிலும் அடுக்களையிலும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே தாளில் கொண்டுவர யாரும் மெனக்கெடவில்லை.

அழைப்பைத் துண்டித்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதினேன். படம் வரைந்து, பகுதிகளுக்கு எண் கொடுத்து, ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு வினை. அதைப் படம்பிடித்து அனுப்பிவிட்டு மறுபடி அழைத்தேன். இந்த முறை அவள் கைகள் நகரும் சத்தம் எனக்குக் கேட்டது. நடுவில் நின்று கேட்டாள்: "அக்கா, கம்பியில்லா அட்டைன்னு போட்டிருக்கீங்க. ஆனா கறுப்புல ஒண்ணு, வெள்ளையில ஒண்ணுன்னு ரெண்டு கம்பி இருக்கே?"

சிரித்துவிட்டேன், ஆனால் கேள்வி அருமையானது. அட்டை தானாக அலையைப் பிடிப்பதில்லை. அந்த இரண்டு கம்பிகளும் கீல் வழியாக மேலேறி, திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் அலைவாங்கிகளுக்குப் போகின்றன. திரை உயரத்தில் இருப்பதால் அங்கே வைக்கிறார்கள். அட்டையில் 1, 2 என்று குறித்திருக்கும். பழைய அட்டையில் எந்தக் கம்பி எதில் இருந்ததோ அதே வரிசையில் மாட்ட வேண்டும். குண்டூசித் தலையைவிடச் சற்றே பெரிய அந்தப் பித்தளை வளையத்தை நேராக வைத்து விரலால் அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். சாய்த்து அழுத்தினால் நசுங்கிவிடும். அடிக்கடி கழற்றி மாட்டுவதற்காகச் செய்ததும் அல்ல. ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் அருகலை வரும், ஆனால் அறையின் மூலைக்குப் போனால் தேய்ந்துவிடும். இதையெல்லாம் கேட்டபின் அவள் சொன்னாள், "அப்போ மெஷின் முழுக்கத் தெரிஞ்ச மாதிரி இருக்குக்கா."

பூட்டியாகிவிட்டது, ஆனால் அவள் விண்டோசுக்குப் புதிய அட்டையை அடையாளம் தெரியவில்லை. இயக்கி வேண்டும். இயக்கியைப் பதிவிறக்க இணையம் வேண்டும். இணையம் வர இயக்கி வேண்டும்! தலைசுற்ற வைக்கும் இந்த முடிச்சை அவிழ்ப்பது ஒரு சாதாரண யூ.எஸ்.பி. கம்பி. கைப்பேசியைக் கணினியில் செருகி, அமைப்பில் 'டெதரிங்' என்பதைத் திறந்தால், கைப்பேசியின் இணையம் கம்பி வழியாகவே வந்துவிடும். அந்த வியாழக்கிழமை இரவே இது எனக்குத் தெரிந்திருந்தால் நான் விடுதி முழுக்க ஓடியிருக்கமாட்டேன். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தபின் பழைய கணினியில் லினக்ஸ் ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஒரு குறிப்பு: ஏஎக்ஸ்210க்குக் கருநிரல் 5.10 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும்.

தாளின் கடைசிப் பகுதி எடுரோம் பற்றியது. நம்மில் பாதிப் பேர் அங்கேதான் தடுக்கி விழுகிறோம். பயனர் பெயரில் '@' குறியும் அதன் பின் பல்கலைக்கழகத்தின் முகவரியும் முழுமையாக இருக்க வேண்டும். வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் அதே பெயரில் நுழையலாம். நம் அடையாளத்தைச் சரிபார்க்கும் கேள்வி நம் சொந்தப் பல்கலைக்கழகத்துக்குத்தான் திரும்பி வருகிறது. அந்த முகவரி இல்லாவிட்டால் கேள்வியை எங்கே அனுப்புவது என்று தெரியாது. கைப்பேசியில் 'சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம்' என்ற தேர்வைத் தொடாதீர்கள். அதே பெயரில் பொய்யான அருகலையை எவராவது வைத்தால் நம் கடவுச்சொல் அவரிடம் போகக்கூடும். இதைத் தமிழில் ஒருவரும் நமக்குச் சொன்னதில்லை.

"இதற்கெல்லாம் தமிழ் எதற்கு? ஆங்கிலத்தில் காணொலிகள் குவிந்து கிடக்கின்றனவே" என்று என் வகுப்பு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நானும் ஆங்கிலத்தில்தான் கற்றேன். மலாயில் 'பெர்காக்காசான்', 'பெரிசியான்' என்றும் இடைநிலைப்பள்ளியில் படித்தேன். அந்த மலாய்ச் சொற்கள் அகராதியோடு நிற்கவில்லை. பாடநூலிலும் தேர்விலும் மாணவர்கள் அவற்றால் வேலை செய்தார்கள், அதனால் பிழைத்தன. தமிழுக்கு இடைநிலைப்பள்ளியில் அந்த இடம் கிடைக்கவில்லை. அரசாங்கம் தராத இடத்தை நாம்தான் எங்காவது உண்டாக்கிக்கொள்ள வேண்டும். முடியாததா என்ன? 1980களில் முரசு மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்த மண்ணில்தான் உட்கார்ந்து வேலை செய்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டார். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அவர்கள் தமிழைக் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். நாம் அதை வைத்து வாழ்த்துச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

நம் பேரவையின் மீது எனக்கு ஒரு சிறு வருத்தமும் உண்டு. பேச்சுப்போட்டி, கவியரங்கம், பட்டிமன்றம் எல்லாம் வேண்டும்தான். நானும் அவற்றில் வளர்ந்தவள்தான். ஆனால், ஒரு விழாவில் நாம் போர்த்தும் பொன்னாடை ஒன்றின் விலையில் நல்ல திருப்புளித் தொகுதி ஒன்று வந்துவிடும். பேரவை அறையில் அப்படி ஒன்று இருக்கட்டும். மாதம் ஒரு மாலை, கணினி பழுதானவர்கள் கொண்டு வரட்டும். தெரிந்தவர் சொல்ல, தெரியாதவர் கையால் செய்யட்டும். செய்தவர் அதை இரண்டு பக்கம் தமிழில் எழுதட்டும். இந்த ஆண்டு மலரில் அதற்கென நான்கு பக்கங்களை ஒதுக்கினால் போதும். பொறியியல் மாணவர்கள்தான் எழுத வேண்டும் என்றில்லை. நான் படிப்பது கணக்கியல்.

என் தாள் இப்போது விடுதியில் கைமாறிக்கொண்டிருக்கிறது. கெடாத் தங்கை அதை வைத்து இன்னும் இரண்டு கணினிகளைத் திறந்துவிட்டாளாம். அண்மையில் அவளிடமிருந்த படியைத் திருப்பிக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 'அலைவாங்கிக் கம்பி' என்று நான் எழுதியிருந்த இடங்களையெல்லாம் அடித்துவிட்டு, மேலே பென்சிலால் 'மீசை' என்று எழுதியிருந்தாள். கேட்டால், "கரப்பான் மீசை மாதிரியே இருக்குல்லக்கா, மீசைன்னு சொன்னா உடனே புரியுது" என்கிறாள். புதிய படியில் நானும் மீசை என்றே மாற்றிவிட்டேன்.