கட்டிக்குக் குருதி பாயும் வழி

மூளையிற் கட்டி வளர்ந்த ஒருவர் சத்திரசிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் பெற்று வீடு திரும்புகின்றார். சில மாதங்களின் பின் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கின்றனர். கட்டி இருந்த இடத்தில் மீண்டும் ஒரு வெண்திட்டுத் தோன்றுகின்றது. கட்டி மறுபடியும் தலையெடுத்ததா? அன்றிக் கதிரினால் இறந்துபட்ட இழையந்தான் அவ்வாறு தெரிகின்றதா? முன்னதாயின் சிகிச்சையை மாற்ற வேண்டும். பின்னதாயின் பயன்தரும் மருந்தைக் கைவிடுதல் பெருந்தவறாகும். வீட்டார் நெஞ்சை வருத்தும் இவ்வினாவுக்கு விடைகாணும் வழியொன்றை இன்று நோக்குவோம்.

உயிருள்ள இழையம் எதுவும் குருதியின்றி வாழாது. ஓரிரு மில்லிமீற்றருக்கு மேல் வளர வேண்டுமாயின் கட்டியும் தனக்கெனப் புதிய குருதிக் குழாய்களைத் தோற்றுவித்தல் வேண்டும் என்று 1971ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்திய அறிஞர் ஜூடா போக்மன் எடுத்துரைத்தார். கொடிய கட்டிகள் சில பொருள்களைச் சுரந்து அயலிலுள்ள குழாய்களைக் கிளைவிடத் தூண்டுகின்றன. அவ்வாறு முளைப்பவை முறுகியும் கசிவுடையனவாயும் இருக்கும்.

உயிரோடிருப்போரின் மூளைக் குழாய்களைப் படத்திற் காண வழி வகுத்தவர் போத்துக்கல் நாட்டு எகாஸ் மொனிஸ். 1927இல் அவர் கழுத்து நாடியிற் கரைசலொன்றைச் செலுத்தி எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தார். எம்.ஆர்.ஐ. கையாளும் முறை வேறு. கடோலினியம் என்னும் உலோகம் சேர்ந்த மருந்தைக் கை நாளத்தில் விரைவாகச் செலுத்துவர். அது மூளையூடாக முதன்முறை பாயும் வேளையில், ஏறத்தாழ ஒன்றரை விநாடிக்கு ஒன்றாகப் படங்கள் எடுக்கப்படும். மருந்து செல்லுமிடத்திற் காந்தப் புலம் சிறிது குலைவதாற் படம் மங்கும். மங்கல் மிகுந்தவிடத்திற் குருதியும் மிகுதி என்பது கணக்கு. நோயுற்ற பகுதியின் குருதிக் கனவளவை மறுபக்கத்து நலமான மூளையோடு ஒப்பிடுவர். மீண்டும் வளரும் கொடிய கட்டியில் அது பெரும்பாலும் மிகும். இறந்த இழையத்திற் குறையும். வெண்திட்டோ குழாய் கசிவதை மட்டுமே காட்டும். கசிவு இரண்டிடத்தும் உண்டு.

வெண்மை மறைவதும் ஏமாற்றக்கூடும். புதுக் குழாய்களை ஒடுக்கும் பெவாசிசுமாப் என்னும் மருந்து கசிவை அடக்கி வெண்மையைக் குறைக்கும். ஆயினும், புதிதாகக் கிளியோபிளாஸ்ரோமா என்னும் கொடிய கட்டி கண்டோரிடை நடத்திய இரு பெரும் ஆய்வுகளில், அம்மருந்து மொத்த வாழ்நாளை நீட்டவில்லை என்பது 2014இல் வெளியாயிற்று.

குருதியளவும் பிழையற்றதன்று. கசிவு கணக்கைப் பிறழச் செய்யும். வளரும் கட்டியும் இறந்த இழையமும் ஒருங்கே கலந்திருத்தலும் உண்டு. ஐயம் நீங்காதவிடத்துச் சிறு துணுக்கை எடுத்து நுணுக்குக்காட்டியிற் பார்த்தே துணிவர்.

ஆதலின், படத்தில் வெண்மை கண்டதும் இடிந்துபோதலும், மறைந்ததும் மகிழ்ந்துபோதலும் வேண்டா. “அவ்விடத்துக் குருதியளவு பார்க்கப்பட்டதா?” என்று வைத்தியரை அமைதியாகக் கேளுங்கள். நோயாளியின் சார்பிற் கேட்கத்தக்க நல்ல கேள்வி அது.