கொடைக்கானல் பாதரசம்: கடைமடை ராமநாதபுரத்துக்கு என்ன கவலை?

கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் நடத்தி வந்த தெர்மாமீட்டர் ஆலை, பாதரசக் கழிவு விவகாரம் வெடித்ததால் 2001-ல் மூடப்பட்டது. 591 முன்னாள் தொழிலாளர்களுடன் 2016-ல் நிறுவனம் சமரசம் செய்து கொண்டது. ஆனால் மண்ணில் இறங்கிய பாதரசம் யாரோடும் சமரசம் ஆகாது.

ஆலைக்குக் கீழே பாம்பார் சோலைக்காடு. பாம்பாற்றுத் தண்ணீர் கும்பக்கரை வழியாக இறங்கி கடைசியில் வைகையில் சேர்கிறது. அந்த வைகையின் கடைமடைதான் ராமநாதபுரம் பெரிய கண்மாய்.

அந்த மலை ஓடை எங்கே, நம்ம கண்மாய் எங்கே என்று கேட்கலாம். தூரம் அதிகம்தான். ஆனால் பாதரசம் மக்கிப் போகாது. ஓடைச் சேற்றில் தங்கி, நுண்ணுயிர்களால் இன்னும் கொடிய விஷமாக மாறி மீனில் ஏறும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-ல் தெரியவந்த கொடுமை, பாதரச விஷம் ஏறிய மீனைச் சாப்பிட்டதால் வந்ததுதான்.

ஆலை மண்ணைச் சுத்தம் செய்தால் மட்டும் போதாது. ஓடைச் சேற்றையும் மீனையும் வருஷா வருஷம் சோதித்து, முடிவை கடைமடை விவசாயி வரை சொல்ல வேண்டும். வேலியோடு நிற்குமா தண்ணீர்?